காளையும் பசுவும் சந்தித்த வட்டம்: ‘டொரோபாகா’ நடன ஆற்றுகையை முன்வைத்து

“பிளமெங்கோ எங்கட ஆக்கள்ட ஆட்டம்தான் பிள்ளைகள்” என்று உயர்தர வகுப்பொன்றில் நான் சொல்லியிருக்கிறேன். அல்-அந்தலுஸ் பற்றிய கட்டுரைப் போட்டியொன்றுக்கு மாணவிகளைத் தயார்படுத்திக்கொண்டிருந்த காலம் அது. ‘பிளமெங்கோ’ என்ற சொல், நிலமிழந்து அலையும் விவசாயியைக் குறிக்கும் ‘ஃபல்லாஹ் மன்கூ’ என்ற அரபுத் தொடரிலிருந்து பிறந்தது என்று எங்கோ வாசித்திருந்தேன். அதைக் கரும்பலகையில் எழுதியும் போட்டேன். பிள்ளைகள் கொப்பியில் குறித்துக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் எழும்பி, “அப்ப சேர், எங்கட ஆட்டத்த எங்களுக்கு ஏன் ஆடத் தெரியா?” என்று கேட்டாள். வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்துவிட்டேன்.

பல வருடங்களுக்குப் பிறகு ‘டொரோபாகா’வின் காணொளிப் பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தக் கேள்வி திரும்பி வந்தது. செவில்லா நகரின் பிளமெங்கோ ஆடற்கலைஞர் இஸ்ரேல் கல்வானும், லண்டனில் பங்களாதேஷ் வம்சாவளி முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்த கதக் கலைஞர் அக்ரம் கானும் சேர்ந்து 2014இல் மேடையேற்றிய ஆற்றுகை இது. நேரில் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. மடிக்கணினித் திரையில் பார்த்தவனின் கருத்துகளே இவை. அரங்கின் பலகை அதிர்வதைத் தன் காலிலும் உணர்ந்த ஒருவர் வேறு மாதிரி எழுதக்கூடும்.

இப்படியான சந்திப்பொன்று நடக்கும்போது பார்வையாளர்கள் இரண்டு கதைகளைக் கையோடு கொண்டு வருகிறார்கள். முதலாவது நான் வகுப்பில் சொன்ன கதை. அதைப் பிரபலப்படுத்தியவர் பிளாஸ் இன்ஃபாந்தே. அந்தலூசியப் பிரதேச தேசியவாதத்தின் தந்தை எனப் போற்றப்படுபவர். 1936இல் பிராங்கோவின் ஆட்களால் சுட்டுக் கொல்லப்பட்டவர். மொரிஸ்கோக்கள், அதாவது பலவந்தமாக மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்கள், 1609 முதல் 1614 வரையில் ஸ்பெயினிலிருந்து நாடு கடத்தப்பட்டார்கள். ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர். எஞ்சியவர்கள் ஹித்தானோக்கள் என்ற ஸ்பானிய றோமா மக்களோடு கலந்து மறைந்தார்கள், அவர்களின் ஓலமே பிளமெங்கோவானது என்பது அவரது வாதம். நெஞ்சைத் தொடும் வாதம்தான். ஆனால் அந்த அரபுத் தொடர் அப்படிப் பாவிக்கப்பட்டதற்கு ஆவணச் சான்று இல்லை. இந்தப் பாட்டையும் ஆட்டத்தையும் குறிக்கும் பெயராகப் ‘பிளமெங்கோ’ எழுத்தில் வருவது 19ஆம் நூற்றாண்டில்தான். இடையில் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் மௌனம். அந்த மௌனத்தை நாங்கள் ஆசையால் நிரப்பிக்கொண்டோம்.

இரண்டாவது கதை இந்தியாவிலிருந்து வருவது. றோமா மக்கள் வட இந்தியாவிலிருந்து சென்றவர்கள் என்பதை அவர்களது மொழி நிறுவுகிறது. ஆகவே கதக்கும் பிளமெங்கோவும் பிரிந்துபோன சகோதரிகள் என்று விளம்பரத்துக்கு விளம்பரம் எழுதுகிறார்கள். காலத்தை வைத்துப் பார்த்தால் இதுவும் நிற்காது. றோமாக்களின் மூதாதையர் புறப்பட்டு ஏறத்தாழ ஆயிரம் வருடங்களாகின்றன. இன்று நாம் காணும் கதக், 18ஆம் 19ஆம் நூற்றாண்டுகளில் லக்னோ, ஜெய்ப்பூர் அரசவைகளில் உருப்பெற்றது. பிளமெங்கோ அந்தலூசியாவில் உருப்பெற்றதும் கிட்டத்தட்ட அதே காலத்தில்தான். அவர்கள் புறப்பட்டபோது இரண்டு ஆட்டமும் பிறக்கவே இல்லை. பிறக்காத பிள்ளைகளை எப்படிப் பிரிந்த சகோதரிகள் என்பது?

‘டொரோபாகா’வின் முதற்சிறப்பு, இந்த இரண்டு கதைகளில் ஒன்றையும் அது சொல்லாததுதான். ஜிப்ஸி வண்டியுமில்லை, பாலைவனமுமில்லை, அல்ஹம்றா மாளிகையின் வளைவுகளுமில்லை. மேடை நடுவே ஒரு வட்டம், அதற்குள் இரண்டு ஆண்கள். ஸ்பானிய மொழியில் ‘தோரோ’ என்றால் காளை, ‘வாக்கா’ என்றால் பசு. மாவோரி மொழி ஒலிகளைக்கொண்டு தாதாயிசக் கவிஞர் திரிஸ்தான் ட்சாரா அமைத்த ‘தோத்தோ-வாக்கா’ என்ற ஒலிக்கவிதையிலிருந்து தலைப்பை எடுத்துத் திருகியிருக்கிறார்கள். ஸ்பெயினில் வட்டத்துக்குள் விட்டுக் குத்திக் கொல்லப்படும் காளை, இந்தியாவில் புனிதமாகப் பேணப்படும் பசு. அந்தப் பசுவைத் தன் மரபின் அடையாளமாக ஏற்று நிற்பவர் முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. கல்வானோ 2004இல் ‘அரேனா’ என்ற படைப்பில் காளைச் சண்டையையே ஆராய்ந்தவர். தலைப்பிலேயே ஒரு குறும்புச் சிரிப்பு இருக்கிறது.

பிறகு எதில்தான் இருவரும் சந்திக்கிறார்கள்? கணக்கில். பிளமெங்கோவின் சொலேயா, புலேரியா போன்ற வகைகளுக்குப் பன்னிரண்டு எண்ணிக்கை கொண்ட தாளவட்டம் உண்டு. அதைக் ‘கொம்பாஸ்’ என்பார்கள். சொலேயாவில் 3, 6, 8, 10, 12ஆம் இடங்களில் அழுத்தம் விழும். இரண்டு மூன்றும் மூன்று இரண்டுமாக நடக்கும் இந்த நொண்டி நடைதான் அதன் மயக்கம். கதக்கின் தீன்தாளில் பதினாறு மாத்திரை, நாலு நாலாகப் பிரிந்தது. எங்கே சுற்றினாலும் முதல் மாத்திரையான ‘சம்’மில் வந்து விழ வேண்டும். ஒருவரின் காலில் ஆணி அடித்த சப்பாத்து, மற்றவருடையது வெறுங்காலும் சலங்கையும் பழகிய பாதம். ஒன்று தரையைக் கொத்துகிறது, மற்றது தரையை அறைகிறது. இருவரும் மற்றவரின் ஆட்டத்தைப் பழகிக் காட்டப் புறப்படவில்லை. ஒருவர் விட்ட இடைவெளிக்குள் மற்றவர் நுழைகிறார். பகைபோலத் தொடங்கிப் பகிடியாகி, பிறகு ஒரே மூச்சாகும் கணங்கள் சில உண்டு. அவற்றுக்காகவே இதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

தமிழ் வாசகருக்கு இங்கே இன்னொரு கதவும் திறக்கிறது. இசைக்குழுவில் பி. சி. மஞ்சுநாத் இருக்கிறார். கர்நாடக மாநிலத்தைச் சேர்ந்த மிருதங்கக் கலைஞர், கொன்னக்கோலிலும் வல்லவர். அவர் வாயால் பொழியும் சொற்கட்டும், செவில்லாவின் பொபோதே கைதட்டி எழுப்பும் ‘பால்மாஸ்’ தாளமும் ஒன்றையொன்று மறிக்கின்றன. தமிழ் சிறப்புப் பட்டத்துக்குச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை உரையோடு படித்தவன் நான். ஆடலாசிரியனின் அமைதி, தண்ணுமையோனின் அமைதி என்று பரீட்சைக்குப் பாடமாக்கினேன். தாளம் அறிந்தவனுக்கு ஏன் அத்தனை இலக்கணம் வகுத்தார்கள் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை. ஆடுபவனின் காலுக்கு முன்னாலும் போகாமல் பின்னாலும் நிற்காமல் ஒரு மனிதன் வாயாலேயே நடப்பதைப் பார்த்தபோதுதான் விளங்கியது.

‘மரபும் நவீனமும் கலந்த’ என்ற அடைமொழியை இப்போது எல்லா நிகழ்ச்சிக்கும் ஒட்டிவிடுகிறார்கள். பழைய ஆட்டத்துக்குப் பின்னால் கீபோட்டும் புகையும் வைத்தால் நவீனம் என்று நினைப்பவர்கள் கல்வானைப் பார்க்க வேண்டும். 1973இல் பிறந்தவர். தாய், தந்தை இருவரும் பிளமெங்கோ ஆடியவர்கள், தாய் ஹித்தானோ சமூகத்தவர். இலக்கணம் உடம்பில் ஊறிய பின்னரே 2000ஆம் ஆண்டில் காஃப்காவின் ‘உருமாற்றம்’ கதையைப் பிளமெங்கோவாக ஆடினார். கைதட்டல் எழும் என்று நாம் எதிர்பார்க்கும் இடத்தில் சட்டென்று நிறுத்திவிடுவார். பக்கவாட்டில் திரும்பி, கோயில் சுவர்ச் சித்திரம்போல மடங்கி நிற்பார். தன் உடம்பையே தட்டித் தாளம் எடுப்பார். இவ்வளவு உடைத்தாலும் கொம்பாஸ் மட்டும் தப்பாது. யாப்பை முற்றாகக் கற்று, பிறகு அதை மீறிய கவிஞனுக்கும், யாப்பே தெரியாமல் வரியை முறித்துப் போடுபவனுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் இதுதான். எங்கட கவியரங்குகளில் இரண்டாமவரை நிறையவே கேட்டிருக்கிறேன்.

அக்ரம் கானிலும் இதே அடித்தளம் உண்டு. பிரதாப் பவாரிடம் முறையாகக் கதக் பயின்றவர். சிறுவனாக பீட்டர் புரூக்கின் ‘மகாபாரதம்’ நாடகத்தில் நடித்தவர். 2011இல் ‘தேஷ்’ என்ற தனி ஆற்றுகையில் தன் பெற்றோரின் பங்களாதேஷைத் தேடியவர். எங்கள் வாசகர்கள் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று இங்கே இருக்கிறது. முஸ்லிம் கையின் தடத்தை நாம் பிளமெங்கோவில் தேடி அலைகிறோம். ஆவணத்தோடு அது பதிந்திருப்பதோ கதக்கில். கிருஷ்ணன் கதை சொல்லும் அதே ஆட்டத்தைப் போஷித்தவர் அவத் நவாப் வாஜித் அலி ஷா. தானே பாட்டும் ஆட்டமும் பயின்றவர். 1856இல் ஆங்கிலேயர் அவரது ஆட்சியைப் பறித்தபோது கல்கத்தாவின் மட்டியாபுருஜுக்குப் போனார், அங்கும் கலைஞர்களைக் கைவிடவில்லை. தொலைவிலுள்ள கிரனாடாவுக்காகப் பெருமூச்சு விடும் நாங்கள் பக்கத்திலிருக்கும் லக்னோவை நினைப்பதில்லை.

குறையையும் சொல்ல வேண்டும். பிளமெங்கோவில் ஆட்டத்துக்கு முன்னால் வருவது பாட்டு. பாடுபவன் தொண்டை கிழிய ஒரு வரியை எறிவான், ஆடுபவர் அதற்குக் காலால் மறுமொழி சொல்வார். ‘டொரோபாகா’வில் அந்த இடத்தில் டேவிட் அசுர்சாவின் உச்சஸ்தாயிக் குரலும் கிறிஸ்டீன் லெபூத்தின் குரலும் வருகின்றன. அழகான குரல்கள். ஆனால் அவை வேறு மரபுகளின் குரல்கள். பாட்டும் காலும் ஒன்றையொன்று சீண்டும் அந்த உயிர்ப்பு இல்லாமல் போகும்போது, ஆட்டம் சில இடங்களில் இரு வல்லவர்களின் கெட்டித்தனப் போட்டியாகச் சுருங்கிவிடுகிறது. தனித்தனி ஆட்டங்களின்போது இந்தத் தொய்வு தெரிகிறது. 2012இல் ‘லோ ரியால்’ என்ற படைப்பில் நாஸிகள் றோமா மக்களைக் கொன்றொழித்த வரலாற்றை உடம்பில் சுமந்தவர் கல்வான். அந்தப் பாரத்தில் ஒரு துளியாவது இந்த வட்டத்துக்குள் விழுந்திருக்கலாம். மூலக்கதையைத் தவிர்த்தது சரி. அதோடு சேர்த்து வரலாற்றையும் வெளியே நிறுத்திவிட்டார்களோ என்ற குறை எனக்குண்டு.

மறுபக்கம், வரலாற்றை முழுதாக மேடையேற்றிய முயற்சியும் உண்டு. 1983இல் ஹித்தானோ கவிஞர் ஹோசே எரெதியா மாயா உருவாக்கிய ‘மக்காமா ஹோண்டா’ அது. மொரோக்கோவின் தெத்துவான் அந்தலூசிய இசைக்குழுவும் பிளமெங்கோக் கலைஞர்களும் ஒரே கல்யாண வீட்டில் சேர்கிறார்கள். கேட்க மனம் நெகிழும். ஆனால் அங்கே உறவு முன்கூட்டியே முடிவாகிவிட்டது, இசை அதற்குச் சாட்சி சொல்ல வருகிறது. ‘டொரோபாகா’வில் எந்த உறவும் முடிவாகவில்லை. இருவரும் அந்நியர்களாக வந்து, அந்த ஒரு மணித்தியாலச் சொச்சத்தில் உறவைச் சம்பாதிக்கிறார்கள். எனக்கு இரண்டாவதே கூடுதல் நேர்மையாகப் படுகிறது.

இதை எழுதப்போகிறேன் என்றபோது சக ஆசிரியர் ஒருவர், “ஆட்டத்தப் பத்தியெல்லாம் எங்கட சஞ்சிகையில எழுதணுமா சேர்?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அவருக்கு நான் கிரனாடாவின் ஒரு கதையைச் சொன்னேன். 1567இல் அரபு மொழியோடும் உடையோடும் சேர்த்து மொரிஸ்கோக்களின் ‘சம்ப்ரா’ ஆட்டத்தையும் அரச ஆணை தடை செய்தது. பிரான்சிஸ்கோ நூனியெஸ் முலே என்ற முதிய மொரிஸ்கோ பிரமுகர் அதற்கெதிராக மனுவொன்று எழுதினார். சம்ப்ரா மார்க்கச் சடங்கல்ல, ஊர் வழக்கம் என்பது அவரது வாதம். அதற்கு அவர் காட்டிய சான்று, கல்யாணத்தில் சம்ப்ரா நடக்கையில் மார்க்க அறிஞர் ஒருவர் வந்தால், அவர் கடந்து போகும்வரை வாத்தியத்தை நிறுத்திவிடுவார்கள் என்பது. வாசித்தபோது சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. எங்கட ஊர்க் கல்யாண வீடுகளில் நான் பார்த்த அதே காட்சி. மனு பலிக்கவில்லை, மறுவருடம் அல்புஹாராஸ் மலைகளில் கிளர்ச்சி வெடித்தது. சம்ப்ரா என்ற பெயர் மட்டும் தப்பி, கிரனாடாவின் சக்ரோமொந்தே குன்றில் ஹித்தானோக்களின் கல்யாண ஆட்டமாக இன்றும் இருக்கிறது.

அந்த மாணவியின் கேள்விக்கு இப்போது ஓரளவு மறுமொழி சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஒரு பெயர் எங்களிடமிருந்து போயிருக்கலாம். ஒரு ராகத்தின் சாயலும் போயிருக்கலாம். ஆனால் துரத்தப்பட்ட நாட்களிலும் அந்த ஆட்டத்தைக் காலில் வைத்திருந்து, பிள்ளைகளுக்குப் பழக்கி, கள்ளுக்கடை மேடைகளில் அவமானப்பட்டும் ஆடி, 2010இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியல்வரை கொண்டு வந்தவர்கள் வேறு மக்கள். அவர்களில் பெரும்பங்கு ஹித்தானோக்கள். நாங்கள் எங்கட என்று சொன்னதால் அவர்களின் உழைப்பு எங்களுடையதாகாது. ஆடத் தெரியாததன் காரணம், நாங்கள் ஆடாததுதான்.

அன்றைய கொப்பிகள் எங்கே கிடக்கின்றனவோ. அந்த மாணவிகளில் யாராவது ஒருத்தியின் கையில் இந்த இதழ் கிடைத்தால், ‘ஃபல்லாஹ் மன்கூ’ என்ற வரியை வெட்டிவிட்டு, ஓரத்தில் கேள்விக்குறி ஒன்றைப் போட்டுவைக்கட்டும்.