முடியும் தும்பும்

கொல்லிமலையிலிருந்து முள்ளுக்குறிச்சிக்கு இறங்கி வரும் காரின் சக்கரத்தைப் பாருங்கள். பிரேக் தேய்ந்து உதிர்ந்த கருந்தூள் ரிம்மின் இடுக்கெல்லாம் அப்பியிருக்கும், அதன்மேல் மண். துணி அங்கே நுழையாது. பன்றிமுடி பிரஷ் நுழையும்.

அந்த முடியின் நுனி இயற்கையாகவே பிளந்திருக்கும். பிளவுகளில் சோப்புத் தண்ணீர் தங்கும். நட்டுக் குழியில் சுழற்றினால் அழுக்கு கரைந்து வரும். நைலான் இழையின் மொட்டை நுனிக்கு இந்த வித்தை எளிதில் வராது. முடி என்பது புரதம். அதனால் காரமான வீல் கிளீனர் அதை அரித்துவிடும். சாதாரண கார் ஷாம்பூ போதும்.

ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு. பனைமட்டையின் அடியிலிருந்து எடுக்கும் தும்பு விறைப்பானது. டயருக்கும் சேறு படிந்த மட்கார்டின் உட்புறத்துக்கும் அதுதான் சரி. ஏசி துவாரத் தூசிக்குக் குதிரைமுடி. எதுவானாலும் முதலில் தண்ணீர் பீய்ச்சி மண்ணை இறக்கிவிட வேண்டும். பிரஷில் சிக்கிய மணல் பெயிண்டைக் கீறும்.

வேலை முடிந்ததும் அலசி, உதறி, முடி கீழ்நோக்க நிழலில் தொங்கவிடுங்கள். நிமிர்த்தி வைத்தால் ஈரம் கட்டைக்குள் இறங்கி, முடி கழன்றுவிடும். நன்றாகப் பேணினால், புது பிரஷைவிடப் பழகிய பிரஷே கைக்கு இதம்.