ஒருமுறை அளந்த உடல்: மரக்காணக் கடற்கரையை முன்வைத்து உப்பளச் சிறுநீரக ஆய்வுகள் குறித்த திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்க்கு வெப்பத்தால் நேரும் சிறுநீரகப் பாதிப்பு குறித்த அண்மைக்கால மருத்துவ ஆய்வுகளை இக்கட்டுரை திறனாய்வு நோக்கில் அணுகுகிறது. உப்பளத்தின் வெப்பம் வரம்பு கடந்தது என்பதை அவ்வாய்வுகள் நன்கு காட்டியுள்ளன. ஆயின், ஒருமுறை எடுத்த குருதி அளவைக் கொண்டு நாட்பட்ட நோயைப் பேச இயலாது என்பதும், உப்புத் தொழிலின் பருவ இயல்பும் தொழிலாளரின் நோய்ச்சொற்களும் ஆய்வின் வடிவத்திற்குள் இடம்பெற வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

திறவுச்சொற்கள்: உப்பளம், மரக்காணம், வெப்பம், சிறுநீரகம், நோய்ச்சொற்கள், ஆய்வுநெறி

முன்னுரை

விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் தமிழாய்வாளர்க்குப் புதிய பெயரன்று. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இங்குள்ள பூமீசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளில் உப்பளங்கள் பற்றிய குறிப்புகள் உள்ளன. நெய்தல் திணை குறித்த ஆய்வேடுகள் உமணரையும் அவர்தம் வண்டிகளையும் உப்பு நெல்லுக்கு மாறிய பண்டமாற்றையும் விரிவாகப் பேசியுள்ளன. எனினும் உப்பின் வணிகத்தில் நாம் காட்டிய அக்கறையை உப்பை வாரிய உடலின்மீது காட்டவில்லை. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரிடையே களஆய்வு செய்து ராஜம் கிருஷ்ணன் எழுதிய ‘கரிப்பு மணிகள்’ (1979) என்னும் புதினமே அவ்வுடலைத் தமிழில் முதன்மைப் பொருளாக்கியவற்றுள் குறிப்பிடத்தக்கது. அதையும் நாம் வர்க்க முரண், பெண்ணியம் ஆகிய நோக்குகளில் படித்த அளவுக்கு உடல்நலப் பதிவாகப் படித்ததில்லை.

உயிரியல் துறையினர் இக்கடற்கரைகளைக் கவனித்த முறையும் தனியே எண்ணத்தக்கது. உவர் மண்ணிலும் கடற்கரைப் படிவிலும் வாழும் நுண்ணுயிர்கள் மருந்துப் பொருள் தேடுவோரை நெடுநாளாக ஈர்த்து வருகின்றன. வேலூரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வங்கக் கடற்கரையில் பிரித்தெடுத்த ஆக்டினோமைசீட் வகை ஒன்றன் நுண்ணுயிர் எதிர்ப்புத் திறனை 2009இல் வெளியிட்டனர். அந்த நுண்ணுயிர்க்குப் பெயரும் தனிக் குறியெண்ணும் உண்டு. மரக்காணத்தை ஒட்டிய கழுவெளி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024இல் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. அங்கு வரும் பறவைகளுக்குக் கணக்கெடுப்பு உண்டு. இவை வேண்டாதன என்பது கருத்தன்று. அதே நிலப்பரப்பில் பாத்தியில் நிற்கும் மனிதர் அளவையின்கீழ் வரக் காலம் பிடித்தது என்பதையே இங்குச் சுட்ட வேண்டியுள்ளது.

அளவையின் வருகை

இவ்வகையில் போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் வித்யா வேணுகோபாலும் அவர்தம் குழுவினரும் செய்துள்ள பணி முன்னோடியானது. 2017க்கும் 2020க்கும் இடையில் தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளரை ஆராய்ந்த அவர்களின் கட்டுரை 2023இல் ‘கிட்னி இன்டர்நேஷனல் ரிப்போர்ட்ஸ்’ இதழில் வெளிவந்தது. ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் பரிந்துரைக்கப்பட்ட வரம்பைக் கடந்த வெப்பத்தில் உழைத்தனர் என்பதும், ஏறத்தாழ 7 விழுக்காட்டினரிடம் சிறுநீரகத்தின் வடிகட்டல் வீதம் குறைந்திருந்தது என்பதும் அதன் முதன்மை முடிவுகள்.

முதல் முடிவின் வலிமையை ஐயுற இடமில்லை. உடல் வெயிலுக்குப் பழகிய ஒருவர் மிதமான உழைப்பை இடைவிடாது செய்வதற்கு ஈரக்குமிழ் கோள வெப்பநிலை 28 டிகிரி செல்சியஸ் என்பதே பன்னாட்டளவில் பின்பற்றப்படும் வரம்புகளுள் ஒன்று. கோடையில், நிழலற்ற வெளியில், கீழிருந்து ஒளியைத் திருப்பி வீசும் உப்புப் பரப்பின்மேல், கடற்கரைக்கே உரிய ஈரக்காற்றில் அவ்வரம்பு கடக்கப்படாமல் இருந்தால்தான் வியப்பு. இரண்டாம் முடிவோ நின்று நிதானித்துப் படிக்கப்பட வேண்டியது.

மூன்று மாத விதி

நாட்பட்ட சிறுநீரக நோய் என்பதற்குப் பன்னாட்டு வரையறை ஒன்று உண்டு. வடிகட்டல் வீதம் நிமிடத்திற்கு 60 மில்லிலிட்டருக்குக் கீழே இறங்கியிருப்பது மட்டும் போதாது. அந்நிலை மூன்று மாதத்திற்கு மேல் நீடிக்கவும் வேண்டும். இவ்விதியின் அடிப்படை எளியது. வடிகட்டல் வீதத்தைக் களத்தில் யாரும் நேரடியாக அளப்பதில்லை. குருதியில் உள்ள கிரியாட்டினின் அளவைக் கொண்டு சூத்திரத்தின்வழி மதிப்பிடுகின்றனர். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. கடும் உழைப்புக்குப் பின்னும், வியர்த்து நீர் வற்றிய நிலையிலும், இறைச்சி உண்ட பின்னும் அது தற்காலிகமாக உயரும். எனவே உழைப்பு நாள் ஒன்றில் எடுத்த ஒரு துளி குருதி, நோயைக் காட்டுகிறதா அன்றைய வெயிலைக் காட்டுகிறதா என்பதை அவ்வொரு துளியைக் கொண்டே பிரித்தறிய முடியாது.

இது ஏட்டளவிலான ஐயமன்று என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று கிடைத்துள்ளது. சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகவியல் நிறுவனத்தார் மாநிலம் தழுவிய அளவில் 3,350 வேளாண் தொழிலாளரைச் சோதித்து வெளியிட்ட கட்டுரை 2025இல் ‘லான்செட்’ குழுமத்தின் தென்கிழக்கு ஆசிய இதழில் வந்தது. முதற்சோதனையில் 17.43 விழுக்காட்டினரிடம் சிறுநீரகச் செயல்பாட்டில் குறை தென்பட்டது. மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்தபோது நோய் உறுதியானோர் 5.31 விழுக்காட்டினர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் நீரிழிவு, உயர் குருதியழுத்தம் போன்ற வழக்கமான காரணங்கள் காணப்படவில்லை. முதற்சோதனையோடு நின்றிருந்தால் நோயின் அளவு மும்மடங்குக்கு மேல் மிகைப்பட்டிருக்கும்.

இதனை அளவுகோலாகக் கொண்டு உப்பள ஆய்வுக்குத் திரும்புவோம். 352 பேரில் 7 விழுக்காடு என்பது ஏறத்தாழ 25 பேர். வேளாண் ஆய்வில் கண்ட அதே விகிதத்தில் மறுசோதனை அவர்களைச் சலித்தால் எஞ்சுவோர் ஏழெட்டுப் பேர். இரு ஆய்வுகளின் மக்களும் தொழிலும் வேறாதலின் இக்கணக்கை முடிவாகக் கொள்ளக் கூடாது. ஐயத்தின் பரப்பை உணர்த்துவதற்கே இது பயன்படும். குறுக்குவெட்டு ஆய்வின் எல்லை அத்துறையினர் அறியாததும் அன்று. சிக்கல் மேற்கோள்களில் தொடங்குகிறது. ‘குறைந்த வடிகட்டல் வீதம்’ என்பது அடுத்தவர் கட்டுரையில் ‘சிறுநீரக நோய்’ என்றும், அதற்கடுத்த தமிழ்க் கட்டுரையில் ‘சிறுநீரகச் செயலிழப்பு’ என்றும் ஆகிவிடுவது எளிது. இம்மூன்றும் ஒன்றல்ல. செயலிழப்பு என்ற சொல் ஒரு தொழிலாளியின் வேலையையே பறிக்கக்கூடியது.

அதே வேளையில், 7 என்ற எண் மிகையே என்று முடிவு கட்டுவதும் தவறாகும். பிழை எதிர்த்திசையிலும் நிகழலாம். கிரியாட்டினின் சூத்திரங்கள் பெரும்பாலும் மேலைநாட்டு உடல்களைக் கொண்டு வகுக்கப்பட்டவை. தசைத்திரள் குறைந்த, புரத உணவு குறைந்த இந்திய உடல்களில் அவை உண்மையான வடிகட்டல் வீதத்தை மிகைப்படுத்திக் காட்டுகின்றன எனச் சண்டிகர் முதுகலை மருத்துவ நிறுவன ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். அப்படியாயின் நோயுற்றவர் சிலர் நலமுடையோராகக் கணக்கில் வந்திருப்பர். இன்னொன்றும் உண்டு. வேலைத்தளத்தில் ஆய்வு செய்பவர் அன்று வேலைக்கு வந்தவரையே காண்கிறார். சிறுநீரகம் கெட்டு வேலையை விட்டவர் வீட்டில் இருக்கிறார். தொழில்நல ஆய்வில் நன்கறியப்பட்ட இச்சாய்வு, உப்பளம் போன்று பணிப்பதிவேடு உறுதியாக இல்லாத தொழிலில் மேலும் பெரிதாகும்.

ஆக, 7 என்பது மேலும் செல்லலாம், கீழும் இறங்கலாம்.

வெயில், புழுக்கம், சூடு

வினாநிரல் குறித்த சிக்கல் தமிழ்த்துறையினர்க்கு நேரடியாக உரியது. மருத்துவ ஆய்வின் ஒரு பாதி கருவியால் ஆனது. மறுபாதி கேள்வியால் ஆனது. கருவியைப் பற்றி எழுதப்படும் பக்கங்களில் ஒரு பகுதிகூடக் கேள்வியின் தமிழைப் பற்றி எழுதப்படுவதில்லை. ‘வட்டார மொழியில் கேட்கப்பட்டது’ என்ற ஒற்றைத் தொடரோடு அது முடிந்துவிடுவது இத்துறையின் பொதுவழக்கு.

ஈரக்குமிழ் கோள வெப்பநிலைமானியில் மூன்று வெப்பமானிகள் உள்ளன. நனைந்த திரி சுற்றியது ஒன்று; கருங்கோளத்துள் வைத்தது ஒன்று; வெறும் காற்றை அளப்பது ஒன்று. திறந்தவெளியில் இவற்றின் அளவுகளை முறையே 70, 20, 10 விழுக்காடு எடையிட்டுக் கூட்டுவர். கடற்கரைத் தமிழர் நாவில் இப்பகுப்பு முன்பே உள்ளது. வியர்வை உலராத நிலை புழுக்கம். கதிர் நேரே தாக்குவது வெயில். காற்றே சுடுவது அனல். ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் கேட்கப்படும் கேள்வியை ‘வெப்பம்’ என்ற ஒரே சொல்லால் பெயர்த்துக் கேட்டால், மக்கள் வழக்கிலேயே இருந்த நுட்பம் விடையில் காணாமற் போகிறது. எடையில் 70 விழுக்காடு பெறும் புழுக்கத்தைப் பற்றி ஒருவரிடம் கேட்காமலேயே, வெப்பம் பற்றிக் கேட்டுவிட்டதாக நாம் எண்ணிக்கொள்வோம்.

‘சூடு’ என்ற சொல் இதனினும் சிக்கலானது. தமிழ் வழக்கில் சூடு புறத்தே உள்ளது மட்டுமன்று. உடலுக்குள் ஏறுவது, உணவாலும் உறக்கமின்மையாலும் வருவது, மோராலும் இளநீராலும் எண்ணெய்க் குளியலாலும் தணிவது. சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் கண்டவர் ‘சூடு பிடித்துக்கொண்டது’ என்பார், ‘நீர்க்கடுப்பு’ என்பார். அதை நோயென்று எண்ணாதவரிடம் ‘உங்களுக்குச் சிறுநீர்ப்பாதைத் தொற்று இருந்ததா’ என்று கேட்டால் ‘இல்லை’ என்ற விடையே வரும். அந்த ‘இல்லை’ அட்டவணையில் நலத்தின் சான்றாக ஏறும். உடல்வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையும் இத்தகையதே. அவ்வகை மாத்திரைகளுள் பல சிறுநீரகத்தைத் தாக்குவன. வெப்பத்தின் விளைவையும் மாத்திரையின் விளைவையும் பிரிக்க வேண்டுமாயின் அதைக் கட்டாயம் கேட்டாக வேண்டும். ‘மருந்து உட்கொள்கிறீர்களா’ என்பது அதற்கான கேள்வி அன்று. மருத்துவர் எழுதித் தருவதே மருந்து. கடையில் வாங்குவது வெறும் மாத்திரை.

நெய்தல் நிலத்து வட்டாரச் சொற்களைத் தொகுத்தோர் மீன் பெயர்களையும் வலைப் பெயர்களையும் கட்டுமர உறுப்புகளையும் விரும்பித் தொகுத்துள்ளனர். நோய்ச்சொற்களுக்கு அத்தகைய ஆர்வம் வாய்க்கவில்லை. இக்குறை மருத்துவத் துறையினுடையதன்று; நம்முடையது.

பெண்களும் தண்ணீரும்

வித்யா வேணுகோபால் குழுவினர் 2016இலேயே பணியிடக் கழிப்பறை வசதியின்மையையும் வெப்பத்தையும் இணைத்துப் பெண்தொழிலாளர் நலம் பற்றி எழுதியுள்ளனர். ஒதுங்க இடமில்லாத வெட்டவெளியில் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கின்றனர். குடித்தாலும் சிறுநீரை அடக்குகின்றனர். இரண்டும் சிறுநீரகத்திற்குத் தீங்கு. என் கணிப்பில், இத்துறை வெளியிட்டவற்றுள் மிகப் பயனுள்ள கண்டறிவு இதுவே. இதைச் சரிசெய்யப் புதிய உயிர்க்குறியீடு எதுவும் தேவையில்லை. மத்திய அமெரிக்கக் கரும்புத் தோட்டங்களில் காரணம் அறியப்படாத சிறுநீரக நோய் 2002 முதல் மருத்துவ இதழ்களில் பேசப்பட்டு வருகிறது. அங்கு நோயின் மூலம் குறித்த விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆயினும் தண்ணீர், ஓய்வு, நிழல் ஆகிய மூன்றையும் முறையாக அளித்த தோட்டங்களில் சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது பதிவாகியுள்ளது. காரணம் முழுதும் தெரிந்த பின்னரே கழிப்பறை கட்டுவது என்று யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

பருவமே ஆய்வு வடிவம்

அந்தக் கரும்பு ஆய்வுகளிலிருந்து கொள்ளத்தக்க இன்னொன்று அவற்றின் கால அமைப்பு. அறுவடைக்கு முன்னும் பின்னும் அதே தொழிலாளரின் குருதியை அளந்து, ஒவ்வோர் உடலையும் அதனோடேயே ஒப்பிட்டனர். மரக்காணம் போன்ற கடற்கரைக்கு இவ்வடிவம் இயல்பாகவே பொருந்தும். வடகிழக்குப் பருவமழையில் பாத்திகள் மூழ்கித் தொழில் நிற்கிறது. மழை ஓய்ந்து, நீர் வடிந்து, வரப்பைச் சீர்செய்த பின் உப்பு விளையத் தொடங்கிக் கோடையில் உச்சம் தொடுகிறது. ஆண்டுதோறும் ஓய்வுக்காலம் ஒன்றையும் வெப்பக்காலம் ஒன்றையும் இயற்கையே பிரித்துத் தருகிறது. மார்கழியில் ஒரு குருதி, சித்திரை வைகாசியில் ஒரு குருதி, அடுத்த கார்த்திகையில் ஒரு குருதி என மூன்று அளவைகள் போதும்; கோடையில் இறங்கிய வீதம் மழைக்காலத்தில் மீள்கிறதா, மீளாது படிப்படியாகத் தேய்கிறதா என்பது தெரிந்துவிடும். 7 விழுக்காடு என்ற எண் விடையளிக்க இயலாத கேள்வி இதுவே.

தொழிலாளர் பட்டியலுக்கும் வழி உண்டு. உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தொழிலற்ற அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலத்திற்கு ரூ.5,000 நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கியது. அதற்காகத் தொகுத்த பயனாளர் பட்டியல், வேலைத்தளத்தில் நின்று ஆள்பிடிப்பதைவிட நம்பகமான மாதிரிச் சட்டகமாகும். அக்குடும்பங்களின் வழியே வேலையை விட்டு வீட்டில் இருப்பவரையும் அடையலாம். 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அரசு அறிவித்தது. அந்த அறிவிப்பு வெப்ப அலையால் நேரும் இறப்புக்கு இழப்பீடு தருவதைப் பேசுகிறது. பத்துக் கோடையில் மெல்லத் தேய்ந்த சிறுநீரகம் அதன் வரையறைக்குள் வருமா என்பதற்கு விடைகாண, மேற்சொன்ன தொடர் அளவைகளே முதற்சான்றாக அமையும்.

சோதனை முடிவைத் தொழிலாளியிடம் திருப்பித் தருவது எஞ்சியுள்ளது. ‘மதிப்பிடப்பட்ட வடிகட்டல் வீதம் 58’ என்று அச்சிட்ட சீட்டு அவருக்கு ஒன்றும் சொல்லாது. ‘சிறுநீரகம் கெட்டுவிட்டது’ என்பது பொய். ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்பதும் பொய். இவற்றுக்கு இடைப்பட்ட உண்மையை, மழைக்காலத்தில் மறுபடி சோதிக்க வேண்டும் என்ற செய்தியோடு, அவர் வழங்கும் சொற்களில் இரண்டு வரியாக எழுத வேண்டும். அவ்விரு வரிகளை எழுதும் பணி மருத்துவத் துறையில் யாருக்கும் ஒதுக்கப்படவில்லை. தமிழ்த்துறையிலும் இதுவரை எவரும் அதைக் கேட்டுப் பெறவில்லை.