அரை இடத்தில் ஒரு துயரம்

சைமன் அண்ட் கார்ஃபங்கல் என்றாலே இணைந்து ஒலிக்கும் இரண்டு மென்குரல்களும் விரல்நுனியில் மீட்டப்படும் கிதாரும்தான் நினைவுக்கு வரும். அமெரிக்க ஃபோக் இசையின் அந்தப் புகழ்பெற்ற ஜோடி 1970இல் பிரிந்தது. பால் சைமன் இனி தனியாக என்ன பாடப்போகிறார் என்று காத்திருந்தவர்களுக்கு 1972இல் கிடைத்தது ஜமைக்காவின் ரெகே பாணியில் ஒரு பாட்டு: ‘மதர் அண்ட் சைல்ட் ரீயூனியன்’.

அவருக்கு ஜமைக்கா இசைமீது அதற்கு முன்பே ஆசை இருந்தது. ஜோடியாகப் பாடிய கடைசி ஆல்பத்தில் ‘ஒய் டோன்ட் யூ ரைட் மீ’ என்ற பாட்டை ஸ்கா என்னும் ஜமைக்கா பாணியில் முயன்றார். அது அவருக்கே திருப்தி தரவில்லை. அந்தத் தாளம் அதை வாசித்து வளர்ந்தவர்களின் கையில் இருக்கிறது என்று புரிந்துகொண்டார். ஜமைக்கா பாடகர் ஜிம்மி கிளிஃபின் ‘வியட்நாம்’ பாட்டில் மனதைப் பறிகொடுத்திருந்தவர், அந்நாட்டுத் தலைநகர் கிங்ஸ்டனின் டைனமிக் சவுண்ட்ஸ் ஸ்டூடியோவுக்கே போய்விட்டார். கிதாருக்கு ஹக்ஸ் பிரவுன், பேஸுக்கு ஜாக்கி ஜாக்சன், டிரம்ஸுக்கு வின்ஸ்டன் கிரெனன் என்று அந்த ஊரின் தேர்ந்த வாத்தியக்காரர்கள் வாசித்தார்கள். இசைதான் முதலில் பதிவானது. வரிகள் பிறகு வந்தன.

ஹக்ஸ் பிரவுனின் கிதார் பாட்டைத் துள்ளலாகத் தொடங்கிவைக்கிறது. அதன்பின் ரிதம் கிதாரைக் கவனியுங்கள். தட்டு விழும் இடத்தில் அது பேசாது. இரண்டு தட்டுக்கு நடுவே, நம் கச்சேரி ரசிகர்கள் அரை இடம் என்பார்களே, அங்கேதான் சுருக்கென்று வெட்டும். அது விட்டுவைத்த காலியிடங்களில் பேஸ் தாராளமாக நடை போடும். இதன்மேல் சைமன் ஜமைக்கா உச்சரிப்பைப் போலி செய்யாமல், தன் வழக்கமான தணிந்த குரலில், கதை சொல்வதுபோலப் பாடுகிறார். சிஸ்ஸி ஹூஸ்டன் உள்ளிட்ட பெண்களின் பின்னணிக் குரல்கள் தேவாலயப் பாடலின் நிறைவைச் சேர்க்கின்றன.

‘தாயும் சேயும் மீண்டும் சேர்தல்’ என்று பொருள்படும் தலைப்பு, நியூயார்க்கின் சீன உணவகம் ஒன்றில் கோழியும் முட்டையும் சேர்த்துச் செய்த பதார்த்தத்தின் பெயர். பாட்டின் பொருளோ சாவு. சைமன் வளர்த்த நாய் அடிபட்டு இறந்தபோது அவரைத் தாக்கிய துக்கத்திலிருந்து பிறந்த வரிகள் அவை. இத்தனை கனத்தை இந்தத் துள்ளல் எப்படித் தாங்குகிறது? ரெகேவுக்கு அது பழகிய வேலை. பசியையும் அடக்குமுறையையும் கால்கள் ஆடும்படி பாடிய மக்களின் இசை அது. அழுகையை ஆட்டத்தோடு சேர்த்துச் சொல்ல அதற்குத் தெரியும். மெல்லிய ஃபோக் கிதாரோடு பாடியிருந்தால் இந்தப் பாட்டு வெறும் ஒப்பாரியாக முடிந்திருக்கும்.

ரெகேவின் முகமாக அறியப்படும் பாப் மார்லியின் ‘கேட்ச் எ ஃபயர்’ ஆல்பம் வெளியாவதற்கு ஓராண்டு முன்பே, இந்தப் பாட்டு அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 4ஆம் இடத்தைத் தொட்டது. 1985இல் சைமன் இதே வழியில் ஜோகன்னஸ்பர்க் போய், அங்குள்ள கலைஞர்களோடு இசையை முதலில் பதிந்துகொண்டு, வரிகளைப் பின்னர் எழுதினார். அப்படி உருவானதுதான் ‘கிரேஸ்லேண்ட்’. அந்தப் பெரும் ஆல்பத்தைக் கொண்டாடும் ரசிகர்கள் இந்த மூன்று நிமிடப் பாட்டையும் அதே மரியாதையோடு கேட்க வேண்டும். தாளத்தை அதற்கு உரியவர்கள் கையில் விட்டுவிட்டு, அதன்மேல் தன் குரலில் பாடும் துணிச்சல் அவருக்குக் கைகூடியது கிங்ஸ்டனில்தான்.