பணிப்பெண்ணின் சாட்சியம்

நம்மிடம் ஓதிச் சென்று இப்போது சென்னையில் பழைய நூல்களை வாங்கி விற்கும் மாணவர் ஒருவர், சென்ற மாதம் ஓர் ஆங்கிலச் சிறு நூலின் படியை அனுப்பி, படித்துக் கருத்து எழுதுமாறு கேட்டிருந்தார். ஹெலனா பிளாவட்ஸ்கி அம்மையாருடன் 1872 முதல் 1884 வரை தமக்கிருந்த பழக்கத்தைப் பற்றி எம்மா கூலோம் என்னும் பெண்மணி எழுதிய நூல் அது. எசமானியின் மறைவுலகுக்குள் இழுக்கப்பட்ட ஓர் ஊழியை, அவ்வுலகை விட்டு வெளியேற்றப்பட்ட பின் எழுதியது. நம் தமிழகத்து அடையாற்றில் நடந்த செய்தி இது. ஆயினும் நம் குடும்பங்களில் இதனை அறிந்தோர் மிகச் சிலரே.

வரலாற்றைச் சுருங்கச் சொல்லிவிடுகிறோம். ருஷ்யச் சீமாட்டியான பிளாவட்ஸ்கி, அமெரிக்கரான கர்னல் ஆல்காட்டுடனும் வேறு சிலருடனும் சேர்ந்து 1875-இல் நியூயார்க்கில் பிரம்மஞான சபையை நிறுவினார். இருவரும் 1879-இல் பம்பாய்க்கு வந்தனர். 1882 டிசம்பரில் சபையின் தலைமையகம் அடையாற்றுக்கு மாறியது. இமயத்துக்கு அப்பால் வாழும் மகாத்துமாக்கள் தம்முடன் தொடர்பு கொள்கிறார்கள் என்பது அம்மையாரின் கூற்று. கூட் ஹூமி, மோர்யா என்போர் அவர்களுள் முதன்மையானவர்கள். அவர்களுடைய மடல்கள் கூரையிலிருந்து விழும். அம்மையாரின் படுக்கையறையை அடுத்த அறையில், சுவரோடு பொருந்தத் தொங்கிய ஒரு மரப்பேழைக்குள் வினாவை வைத்தால் விடை வந்திருக்கும். படித்தவர்கள், அதிகாரிகள், பெருந்தனக்காரர்கள் எல்லாம் அப்பேழைக்கு முன் கைகட்டி நின்றார்கள்.

அப்பேழையின் அறையைப் பெருக்கி, சாவியைக் கையில் வைத்திருந்தவர்தாம் எம்மா. ஆங்கிலப் பெண், கணவர் அலெக்ஸி பிரெஞ்சுக்காரர், தச்சு வேலையில் கைதேர்ந்தவர். கெய்ரோ நகரில் பிளாவட்ஸ்கி கையில் பணமின்றி வந்து நின்றபோது, கடன் கொடுத்து உதவியவர் எம்மாவே. பின்னர் சக்கரம் சுழன்றது. கூலோம் தம்பதியர் தொழிலில் நொடித்து இலங்கைக்கு வந்து சேர்ந்தனர். பழைய தோழி பம்பாயில் புகழோடு இருப்பதை அறிந்து எழுதினர். 1880-இல் அவர் வீட்டிலேயே வந்து தங்கினர். கடன் கொடுத்தவர் வேலைக்காரி ஆனார். இந்த ஒரு திருப்பத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நூலைப் படிக்க வேண்டும். படிப்போர் பெரும்பாலும் அப்படிப் படிப்பதில்லை. நேரே பேழையின் பின்பலகையைத் தேடிப் போய்விடுகிறார்கள்.

எம்மா சொல்லும் செய்திகள் இவை. மடல்கள் கூரைப் பலகையின் இடுக்கிலிருந்து நூலிழையால் விடுவிக்கப்பட்டன. இரவில் தொலைவில் தோன்றிய மகாத்துமா, தாம் செய்து கொடுத்த ஒரு தலைப் பொம்மையைத் தம் கணவர் தோளில் தாங்கி நடந்ததே. 1883-இல் ஜெனரல் மார்கன் என்பார் கண் முன்னே உடைந்து, பேழைக்குள் வைத்துச் சற்று நேரத்தில் முழுதாகி வந்த பீங்கான் தட்டு, கடையில் வாங்கிய இரட்டையில் மற்றொன்று. இவற்றுக்கெல்லாம் சான்றாக எசமானி தமக்கு எழுதிய மடல்கள் என்று பலவற்றை அச்சிட்டிருக்கிறார்.

1884 பிப்ரவரியில் எசமானியும் கர்னலும் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினர். மே மாதத்தில் சபையின் நிருவாகக் குழு கூலோம் தம்பதியரை வெளியேற்றியது. செப்டம்பரில் அம்மடல்கள் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் இதழில் வெளிவந்தன. மடல்கள் பொய்யாகப் புனையப்பட்டவை, பேழையின் பின்னாலிருந்த இரகசியக் கதவு அலெக்ஸி தனித்திருந்த நாட்களில் வஞ்சமாகச் செய்தது என்பது பிளாவட்ஸ்கியின் மறுப்பு. ஓர் இளவரசரிடம் எம்மா பணம் கேட்டதை எசமானி தடுத்துவிட்டதே பகைக்கு வித்து என்றும் சபையார் கூறினர்.

இனி நூலைப் பற்றிய நம் கருத்து.

நூலாசிரியையின் நடை தெளிவற்றது. குற்றம் சாட்டுகிற இடத்தில் குரல் ஓங்குகிறது. தம் பங்கைச் சொல்கிற இடத்தில் வறுமையும் கட்டாயமும் முன்னால் வந்து நின்றுகொள்கின்றன. ஏமாந்தவர்கள் பலர் அவர் கையாலேயே தேநீர் வாங்கிக் குடித்தவர்கள்; அவர்களிடம் மன்னிப்புக் கேட்கும் குரல் இந்நூலில் நம் செவிக்கு எட்டவில்லை. இது சிறு குறையன்று. ஆனால் இதைக் கொண்டு நூலைத் தூக்கி எறிவதும் நீதியன்று.

மத்ரஸாவில் ஃபிக்ஹு பாடம் ஓதியவர்களுக்கு இங்கே ஒரு வழி தென்படும். நம் இமாம்கள் ஷஹாதத்தையும் இக்ராரையும் வேறு பிரித்தார்கள். ஷஹாதத் என்பது பிறர்மீது சொல்லும் சாட்சி. இக்ரார் என்பது தன்மீது தானே கொடுக்கும் ஒப்புதல். உலகியல் பகை கொண்டவன் தன் பகைவன்மீது சொல்லும் சாட்சியை ஷாஃபிஈ சட்ட நூல்கள் ஏற்பதில்லை. ஒப்புதலோ, ஒப்புக்கொண்டவரைக் கட்டும், அடுத்தவரைக் கட்டாது. எம்மாவின் நூலில் இவ்விரண்டும் ஒரே பக்கத்தில், சில இடங்களில் ஒரே வாக்கியத்தில் பின்னிக் கிடக்கின்றன. "பொம்மையைச் செய்தேன்" என்பது இக்ரார். அது அவர் தலையில் விழுகிறது. "எசமானி செய்யச் சொன்னாள்" என்பது ஷஹாதத். வேலையிழந்த பகையோடு வருகிறது. அதற்கு வேறு துணை வேண்டும். நூலைப் புகழ்ந்த பாதிரிமார்களும் இகழ்ந்த சபையாரும் இந்த இழையைப் பிரித்துப் பார்க்கவில்லை. முன்னவர் எல்லாவற்றையும் நம்பினர். பின்னவர் கீழ்மகள் சொல் என்று எல்லாவற்றையும் தள்ளினர். கீழ்மகள் என்றால், இத்தனை ஆண்டு அவ்வறையின் சாவியை அவர் கையில் கொடுத்து வைத்தது ஏன் என்ற கேள்விக்கு விடையில்லை.

துணைச்சான்றைத் தேடி லண்டனிலிருந்து வந்தவர் ரிச்சர்டு ஹாட்ஜ்சன். ஆன்ம ஆய்வுச் சங்கத்தின் சார்பில் 1884 டிசம்பரில் சென்னை வந்து, சில மாதங்கள் தங்கி விசாரித்தார். அவர் வருமுன்பே பேழை அழிக்கப்பட்டுவிட்டது. அழித்தவர்கள் சபையைச் சேர்ந்தவர்கள்! 1885 டிசம்பரில் வெளியான அறிக்கை பிளாவட்ஸ்கியை மிகத் திறமை வாய்ந்த ஏமாற்றுக்காரர் என்று தீர்த்தது. அவரோ அவ்வாண்டு மார்ச்சு இறுதியிலேயே அடையாற்றை விட்டுச் சென்றுவிட்டார், திரும்பவே இல்லை, 1891-இல் லண்டனில் காலமானார். நூறாண்டு கழித்து, 1986-இல், அதே சங்கத்தின் இதழில் வெர்னன் ஹாரிசன் என்னும் கையெழுத்து ஆய்வாளர், ஹாட்ஜ்சன் ஒரு பக்கச் சான்றையே பொறுக்கி எடுத்தார் என்று கடுமையாக எழுதினார். எம்மா அச்சிட்ட மடல்களின் மூலங்கள் அவர் பார்வைக்குக் கிடைக்கவில்லை, அவை காணாமற்போய்விட்டன. ஆகவே ஷஹாதத்தின் பாதி இன்றும் தொங்கலில்தான் நிற்கிறது. இக்ராரின் பாதி அசையவில்லை. மடல்கள் போலியே என்று வைத்துக்கொண்டாலும், அவ்வீட்டில் மக்களை ஏமாற்றும் வேலையில் தம் கையும் இருந்தது என்று ஒருத்தி தன் பெயரைப் போட்டு எழுதியிருக்கிறாள். அப்படி எழுதுவதால் அவளுக்கு மதிப்பு ஏதும் கூடிவிடவில்லை. ஜெனரல் மார்கன்மீது அவர் தொடுத்த அவதூறு வழக்கும், பிளாவட்ஸ்கி கப்பலேறியபின் கைவிடப்பட்டது.

இந்நூலைப் படிக்கையில் ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஒரு செய்தி நம் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. முதுமையடைந்த சூனியக்காரன், தன் வித்தையைக் கற்றுக்கொள்ள ஒரு சிறுவனை அனுப்புமாறு அரசனிடம் கேட்கிறான். அச்சிறுவன் போகும் வழியில் ஒரு துறவி இருந்தார். சிறுவன் அவரிடம் உட்கார்ந்து கேட்டான். 'அல்புரூஜ்' அத்தியாயத்து அகழ்வாசிகளைப் பற்றிய வரலாறு அதிலிருந்து விரிகிறது. எம்மா நடந்த வழியில் அப்படி உட்கார்ந்து கேட்கவும் பேசவும் எவரும் இல்லை. மாலையில் வீடு திரும்ப வழியற்று, எசமானியின் கூரையின் கீழேயே உண்டு உறங்கிய ஊழியை அவர்.

இதை எழுதும்போது நம் சொந்தக் குறை ஒன்றையும் எழுதாமல் விட்டால், பிறர் நூலை எடைபோட நமக்கு உரிமையில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் சாமளாபுரத்தில், தகடு எழுதி ஓதிப்பார்க்கும் ஒருவருடைய வீட்டில் பாத்திரம் துலக்கிய ஒரு பெண்மணி நம்மிடம் வந்தார். தறிக் கூடத்தில் இழை இழுத்துக்கொண்டிருந்தவர். நெஞ்சுச் சளி கண்டு அதை விட்டுவிட்டு அவ்வீட்டுக்குப் போனவர். திண்ணையில் காத்திருக்கும் பெண்களுக்குத் தண்ணீர் கொடுத்து, பேச்சுக் கொடுத்து, கணவன் குடியா, பிள்ளை இல்லையா, கடனா என்று அறிந்து உள்ளே சொல்வது அவர் வேலை. பின்னர் வெளியே வருகிறவர், கேளாமலே அவர்கள் துயரத்தைச் சொல்வார். மூன்று மாதச் சம்பளம் நின்றுபோனது. "அஸரத்து, நான் செஞ்சது பாவந்தான், ஊருக்குச் சொல்லுங்க" என்றார். நாம் கேட்டது ஒன்றே: "இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?" அவர் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றார், போய்விட்டார். சம்பளத்துக்காக வந்த பகைச் சாட்சி என்று நாம் மனத்தில் எழுதி மூடினோம். அது இக்ராராகத் தொடங்கியது என்பதை, ஆண்டுதோறும் அதே பாடத்தை மாணவர்களுக்கு நடத்திய நாமே கவனிக்கவில்லை. அதன்பிறகும் பல ஆண்டுகள் அத்திண்ணையில் பெண்கள் காத்திருந்தனர். அவர்களுள் நம் உறவினரும் இருந்தனர்.

அப்பெண்மணி காலமாகிவிட்டார். அவர் மகன் மங்கலம் சாலையில் விசைத்தறி ஓட்டுகிறார். சென்ற வாரம் நூற்படியோடு அவரிடம் போனோம். அவர் தாயார் நம்மிடம் சொன்னதையும், நாம் திருப்பிக் கேட்டதையும் சொன்னோம். தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். "அம்மா எங்ககிட்ட சொன்னதே இல்லீங்க" என்றார்.

நூலை ஆங்கிலம் அறிந்தோர் படிக்கலாம். முதலில் கெய்ரோப் பகுதியைப் படித்துவிட்டுப் பேழையின் பகுதிக்குப் போவது நல்லது. படி நம்மிடமே இருக்கிறது. வேண்டுவோர் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் வந்து பெற்றுக்கொள்ளலாம்.