எனக்குப் பிடித்த நாவல்களும் நமது நாவலும்

பிடித்த நாவல் எதுவெனக் கேட்டால் தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யையே (1988) முதலில் சொல்வேன். வடக்கு வீட்டு அஹமதுகண்ணு முதலாளியின் அதிகாரத்தை எதிர்த்து நிற்பவன் சாதாரண சுறாப்பீலி வியாபாரி மஹ்மூது. ஊரை அதன் பேச்சு மொழியிலேயே மீரான் பேசவிட்டார். அந்த முதலாளியை நம்மூர்களிலும் கண்டிருக்கிறோம் என்று சொல்லிச்சொல்லி ரசித்தோம்.

ஈழத்தின் முதல் தமிழ் நாவல் எனப்படும் 'அசன்பேயுடைய கதை'யை (1885) எழுதியவர் கண்டி சித்திலெப்பை. அந்தப் பெருமை நமக்குண்டு. ஆனால் கதை நிகழ்வது எகிப்திலும் இந்தியாவிலும்தான்; நமது தெருக்கள் அதில் இல்லை.

அண்மையில் வாங்கிய நூல்களுள் ஸர்மிளா ஸெய்யித்தின் 'உம்மத்' (2014) நமது தெருவுக்கே வருகிறது. யுத்தத்துக்குப் பிந்திய கிழக்கில் தவக்குல், யோகா, தெய்வானை என மூன்று பெண்களின் வாழ்வு அது. தவக்குல் சில இடங்களில் பாத்திரம் என்ற நிலையிலிருந்து விலகி ஆசிரியரின் வாதமாகிவிடுகிறாள்; இது குறையே. எனினும், முன்னாள் போராளி யோகாவின் துயரை அவள் தன் துயராக ஏற்கும் பக்கங்களில் நாவல் உயர்ந்து நிற்கிறது.

குமரி மாவட்டத்து முதலாளியைக் கண்டு ரசித்த நாம், அதே கண்ணாடி நம் வாசலில் வைக்கப்படும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வது நியாயமா? குறை சொல்வோம், வாசித்துவிட்டுச் சொல்வோம்.