முடவாட்டுக்காலும் மூங்கில் முதுகும்

காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு ஏறுபவர் எவரும் முடவாட்டுக்கால் கிழங்கைக் காணாமல் திரும்புவதில்லை. வாழவந்தி நாட்டுச் செம்மேட்டுப் பக்கத்திலும் மலையின் பிற ஊர்களிலும் சாலையோரக் கடைகளில் அது குவிந்து கிடக்கும். மிளகும் சீரகமும் சேர்த்துச் சூடான சூப்பாகவும் கிடைக்கும். கிழங்கு என்பது பெயரளவில்தான். பாறைகளிலும் மரங்களிலும் பற்றி வளரும் ஒரு பெரணியின் தண்டு இது. ட்ரைனேரியா குவர்சிஃபோலியா என்று தாவரவியலார் இதனைக் குறிப்பர். பழுப்பு நிற மயிர் போர்த்து, பார்வைக்கு ஆட்டுக்கால் போலவே இருக்கும். மூட்டுவலி, முதுகுவலி, முடக்குவாதம் எல்லாம் இதனால் தீரும் என்பது பலரும் கூறும் செய்தி.

ஆய்வுக்கூடங்களிலிருந்தும் இதே உறுதியுடன் ஒரு செய்தி வருகிறது: மடிப்புத் தவறிய ஒரு புரதமே முதுகெலும்பு அழற்சிக்குக் காரணம் என்பது. மலையிலிருந்து வந்த கூற்று என்பதற்காக ஒன்றை எள்ளவோ, ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது என்பதற்காக மற்றொன்றை அப்படியே ஏற்கவோ வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்ப்போம், வாருங்கள்.

எந்த மூட்டுவலி?

மூட்டுவலி என்பது ஒரே நோயன்று. வயது ஏறுகையில் மூட்டுத் தேய்வதால் வருவது ஒன்று. கைவிரல் மூட்டுகளை வீங்கச் செய்யும் முடக்குவாதம் மற்றொன்று. நாம் இங்கே பேசுவது மூன்றாவதான ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் பற்றி. இது பெரும்பாலும் இளம் வயதிலேயே தொடங்குகிறது; 45 வயதுக்கு மேல் புதிதாகத் தோன்றுவது அரிது. உழைத்துக் களைத்த முதுகு ஓய்வெடுத்தால் தேறும். இந்நோய் கண்ட முதுகோ ஓய்வில் இறுகி, நடமாட்டத்தில் இளகும். பின்னிரவில் வலி எழுப்பிவிடும்; காலையில் நிமிர நெடுநேரம் ஆகும்.

முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்புடன் சேரும் மூட்டில்தான் அழற்சி முதலில் தோன்றுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல, அழற்சி கண்ட இடங்களில் புதிய எலும்பு முளைத்து ஒரு முள்ளெலும்பை மற்றொன்றுடன் பிணைத்துவிடலாம். எக்ஸ்ரே படத்தில் அது கணுக்கணுவாய்த் தெரிவதால் 'மூங்கில் முதுகெலும்பு' என்பர். அவ்வாறு இணைந்த எலும்பைப் பிரித்து, முதுகைப் பழையபடி வளையச் செய்யும் மருந்து எதுவும் இல்லை. எனவே இந்த நோயில் காலம் மிக முக்கியம்.

1973-இல் இலண்டனிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் இரு ஆய்வுக் குழுவினர் ஒரே உண்மையைக் கண்டனர். இலண்டன் ஆய்வில் 75 நோயாளிகளுள் 72 பேரிடம் எச்.எல்.ஏ. பி27 என்னும் புரதம் இருந்தது. நோயில்லாத 75 பேருள் மூவரிடம் மட்டுமே இருந்தது. ஆயினும் இப்புரதம் உள்ளவர்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு இந்நோய் வருவதே இல்லை. அப்படியானால் பி27 செய்யும் தீங்குதான் என்ன?

தொன்னையும் ஈர்க்கும்

இலையை மடித்து ஈர்க்குக் குத்தித் தொன்னை செய்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பி27-உம் ஒரு தொன்னையே. செல்லுக்குள் உள்ள புரதங்களின் சிறு துண்டுகளை ஏந்தி வந்து செல்லின் மேற்பரப்பில் காட்டுவது அதன் பணி. காட்டப்படுவது வைரஸின் துண்டாயின், வெள்ளணுக்கள் அந்தச் செல்லை அழிக்கும். செல்லினுள் எண்டோபிளாச வலையில் இத்தொன்னை மடிக்கப்படுகிறது. பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்னும் சிறு புரதம் ஈர்க்கைப் போல அதைத் தாங்கிப் பிடிக்கிறது.

பி27 அதன் இனத்துப் பிற புரதங்களைவிட மெதுவாக மடிகிறது என்றும், அதில் ஒரு பகுதி தவறாக மடிந்துவிடுகிறது என்றும் 1999-இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ராபர்ட் கோல்பெர்ட் குழுவினர் காட்டினர். தவறிய தொன்னைகள் வலைக்குள் குவிந்தால் செல் நெருக்கடிக்கு உள்ளாகும். அந்த நெருக்கடி இன்டர்லூக்கின்-23 என்னும் அழற்சித் தூதுப் பொருளைப் பெருக்கும். இதனைப் பின்னர் எலிச் செல்களில் கண்டனர். இப்படிப் பிறந்ததுதான் 'தவறான மடிப்பு'க் கொள்கை. ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்கு அழகாகச் செல்லும் விளக்கம் இது.

தராசில் வைத்தால்

முதல் எடைக்கல்: டெக்சாஸ் மாநிலத்தில் ஜோயல் டாரோக் குழுவினர் 1990-இல் மனித பி27 ஜீனை எலிகளுக்குள் செலுத்தியபோது, அவற்றுக்கு மூட்டழற்சியும் குடலழற்சியும் வந்தன. இது கொள்கைக்கு ஆதரவே. ஆனால் 1994-இல், அத்தகைய எலிகளை நுண்ணுயிர்கள் அறவே இல்லாத சூழலில் வளர்த்தபோது இரண்டு அழற்சியும் வரவில்லை. ஜீன் அதே ஜீன்தான்! ஆகவே புரதம் மட்டும் போதாது. குடல் நுண்ணுயிர்களும் வேண்டும்.

இரண்டாவது, இன்னும் கனமானது. 2006-இல் அதே குழுவினர் எலிகளுக்கு மனித 'ஈர்க்கை'க் கூடுதலாகக் கொடுத்தனர். தவறான மடிப்புக் குறைந்தது; குடலழற்சியும் மறைந்தது. ஆனால் ஆண் எலிகளில் மூட்டழற்சியும் முதுகெலும்பு அழற்சியும் பெருகின! தவறான மடிப்பே மூல காரணமாயின் இவையும் குறைந்திருக்க வேண்டுமல்லவா?

மூன்றாவது, மனிதரிடமிருந்து கிடைத்தது. இன்டர்லூக்கின்-23-ஐத் தடுக்கும் மருந்துகள் இந்த முதுகெலும்பு நோயில் பயன் தரவில்லை என்று 2018, 2019-இல் வெளியான மருத்துவ ஆய்வுகள் அறிவித்தன. இன்டர்லூக்கின்-17-ஐத் தடுக்கும் மருந்துகளோ நல்ல பயன் தருகின்றன. கொள்கையின் சங்கிலியில் ஒரு கண்ணி இங்கே தளர்கிறது.

இதற்கிடையே பழைய போட்டிக் கொள்கையொன்று மீண்டும் வலுப்பெற்றுள்ளது. தொன்னையின் மடிப்பில் குற்றமில்லை, அது ஏந்திவரும் துண்டில்தான் சிக்கல் என்பது அக்கொள்கை. பி27 ஏந்தும் நுண்ணுயிர்த் துண்டுகளையும் நம் உடலின் சொந்தப் புரதத் துண்டுகளையும் நோயாளிகளின் வெள்ளணு ஏற்பிகள் ஒருங்கே அடையாளம் கொள்வதை 2022-இல் ஓர் ஆய்வு காட்டியது.

தவறான மடிப்புக் கொள்கையைத் தூக்கி எறிய வேண்டும் என்பதன்று நம் முடிவு. எலிகளின் குடலழற்சியை அது நன்கு விளக்குகிறது. முதுகெலும்பு நோயில் அதற்கும் ஒரு பங்கு இருக்கலாம். 'அதுவே காரணம்' என்பதிலுள்ள ஏகாரத்துக்குத்தான் சான்று போதவில்லை.

கிழங்கின் எடை

இப்போது கிழங்கை வைப்போம். முடவாட்டுக்கால் சாறு எலிகளில் வலியையும் வீக்கத்தையும் குறைப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன. எனவே மலைமக்களின் அனுபவத்தை வெறும் கற்பனை என்று ஒதுக்க முடியாது. ஆனால் அவ்வாய்வுகளில் எலியின் பாதத்தில் ஒரு பொருளை ஊசியால் ஏற்றி உண்டாக்கும் வீக்கம் சில மணி நேரத்தது. முதுகெலும்பு மூங்கிலாவதோ பல்லாண்டு நிகழ்ச்சி. முன்னதில் கண்ட பயனைப் பின்னதற்கு உரித்தாக்குவது பெருந்தாவல். வலி சற்றுத் தணிவதும், எலும்பு இணைவது தடைப்படுவதும் ஒன்றல்ல.

இங்கேதான் ஆபத்து இருக்கிறது. கொள்கை பிழைத்தால் ஆய்வாளர் மறு ஆய்வு செய்வார். கிழங்கை நம்பி நான்கைந்து ஆண்டுகளைக் கழித்த இளைஞரின் முதுகுக்கு அந்த வாய்ப்பில்லை.

ஆகவே மாணவ நண்பர்களே, சூப்பை விரும்பினால் குடியுங்கள். ஆனால் உங்கள் வீட்டில் இளவயதினர் ஒருவருக்கு மூன்று மாதங்களுக்கு மேல் முதுகுவலி நீடித்து, காலையில் இறுகி, நடந்தால் இளகுமானால், அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கண் சிவந்து வலித்ததுண்டா, குடும்பத்தில் வேறு எவருக்கேனும் முதுகு கூனி இறுகியதுண்டா என்பதையும் மருத்துவரிடம் கூறுங்கள். இரத்தத்தில் பி27 இருப்பது மட்டுமே நோயாகிவிடாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். நாள்தோறும் உடற்பயிற்சி, அழற்சி தணிக்கும் மாத்திரைகள், தேவையானால் டி.என்.எஃப். அல்லது இன்டர்லூக்கின்-17 தடுப்பு மருந்துகள் என இன்று சிகிச்சை உண்டு. காரணம் எது என்ற வழக்கு ஆய்வுக்கூடங்களில் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அது முடியும்வரை சிகிச்சை காத்திருக்க வேண்டியதில்லை.