பள்ளி: அரை உண்மையும் மறு அரையும்

எங்களூர்ப் பள்ளிவாசலின் பெயர்ப்பலகை அண்மையில் மாற்றப்பட்டது. 'பள்ளிவாசல்' போய் 'மஸ்ஜித்' வந்தது. காரணம் கேட்டேன். "பள்ளி என்பது சமணருடைய சொல்லாமே, சேர்" என்றார் ஓர் இளைஞர். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அரை உண்மை.

மதுரைக்கு அண்மையிலுள்ள மாங்குளத்தின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு சமணத் துறவியரின் உறைவிடத்தைப் 'பளி' என்கிறது. அதற்கு ஏறத்தாழ 2200 வயது. பௌத்தர்க்கும் இச்சொல்லே வழங்கியது. திருகோணமலையை அடுத்த வெல்கம் விகாரையைச் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் 'இராஜராஜப் பெரும்பள்ளி' என்றே குறிக்கின்றன.

கிறிஸ்தவமும் இச்சொல்லுக்குள் குடிபுகுந்தது. கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு 849ஆம் ஆண்டு வழங்கப்பட்ட செப்பேட்டில் சாட்சிகள் கூபி அரபு, பஹ்லவி, ஹீப்ரு எழுத்துகளில் ஒப்பமிட்டுள்ளனர். ஒரு தேவாலயத்துக்கான கொடைக்கு அரபு எழுத்தில் சாட்சி! இன்றும் மலையாளத்தில் தேவாலயமும் 'பள்ளி', மசூதியும் 'பள்ளி'. சிங்களத்தில் 'பல்லிய'வும் அவ்வாறே.

ஆக, இச்சொல் எந்த மதத்துக்கும் தனிச்சொத்தன்று. தெலுங்கில் 'பல்லி'யும் கன்னடத்தில் 'ஹள்ளி'யும் வெறும் கிராமந்தான். தமிழிலோ சிற்றூர், தங்குமிடம், படுக்கை எனப் பொருள் விரிகிறது. பள்ளியறையும் பள்ளியெழுச்சியும் படுக்கையிலிருந்து வந்தவை. துறவியர் தங்கிய இடத்தில் பிள்ளைகள் படித்ததால் பள்ளிக்கூடம் பிறந்தது என்பர்.

'மஸ்ஜித்' என்பது 'ஸஜத' என்ற வினையடியிலிருந்து வந்தது. சுஜூது செய்யும் இடம். 'மத்ரஸா'வோ 'தரஸ' என்பதிலிருந்து வந்த கற்குமிடம். அரபு இரண்டு சொற்களில் சொல்வதைத் தமிழ் ஒரே சொல்லில் அடக்கிவிட்டது. இது குறையா, நிறைவா?

மஸ்ஜித் என்ற சொல் வேண்டாமென்பதல்ல என் வாதம். அது குர்ஆனின் சொல்; அதன் கண்ணியம் வேறு. பள்ளியை வெட்கத்தோடு கழற்றி எறிவதைத்தான் மறுக்கிறேன். வெளியிலிருந்து வந்த மார்க்கத்துக்குத் தமிழ் தன் பழைய வீடொன்றைத் திறந்துவிட்டது. நம் மூதாதையர் அதிலே தொழுதார்கள், ஈமான் குறைந்துவிடவில்லை. இச்சொல்லை இழந்தால், இம்மொழியில் நாம் எவ்வளவு காலமாய்க் குடியிருக்கிறோம் என்பதற்கான சாட்சியொன்றையும் இழப்போம்.

சென்ற தவணையில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் 'பள்ளி'யை வைத்து வாக்கியம் அமைக்கச் சொன்னேன். சிலர் தொழுகையை எழுதினர். சிலர் படிப்பை எழுதினர். ஒருவருக்கும் பிழை போட முடியவில்லை.